வயர் தனியாக வாங்கிக்கொள்ளவும்

பெட்டிக்குள் எல்லாமே இருந்தன. வயர் மட்டும் இல்லை.

குணாளன் அட்டைப் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினார். நாலு வால்வு, தண்ணீர் தெளிக்கும் பன்னிரண்டு தலைகள், சுவரில் மாட்டும் டைமர், ஒரு பொட்டலம் திருகாணி. மறுபடியும் தட்டினார். கொஞ்சம் நுரைப்பஞ்சுத் தூள் விழுந்தது.

"வயர் தனியா வாங்கிக்கணும்னு பெட்டியிலயே போட்டிருக்கே" என்றாள் சந்திரமதி.

"தெரியும். தெரிஞ்சுதான் தட்டுறேன்."

ஜொகூர் மாநிலத்து உலு திராமில் அவர்களுடையது முனை வீடு. முனை வீட்டுக்காரர்களுக்கு, வரிசை வீட்டுக்காரர்களுக்கு இல்லாத ஒரு கவலை உண்டு. அது புல்தரை. இன்னும் ஐந்து வாரத்தில் பேத்திக்கு முதல் பிறந்தநாள். மகள் ஷர்மினி சிங்கப்பூரிலிருந்து வருகிறாள். மண்டபமெல்லாம் வேண்டாம், தாத்தா வீட்டுப் புல்லில்தான் விழா என்று சொல்லிவிட்டாள். குழந்தை புல்லில் தவழ்வதைப் படம் எடுக்க ஆளும் ஏற்பாடு செய்துவிட்டாள். அதற்காகப் பழைய தரையைச் சுரண்டிப் புதுப் புல் பதித்தாயிற்று. புதுப் புல்லுக்கு இரண்டு வேளையும் தண்ணீர் வேண்டும். குணாளன் விடிந்ததும் தொழிற்சாலைக்குக் கிளம்புகிறவர்; சந்திரமதி பாலர் பள்ளி ஆசிரியை. ஆகவேதான் இந்தத் தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஏற்பாடு. குழாய்களைப் போன வாரமே சர்புதீன் கடையில் வாங்கிப் பதித்துவிட்டார். வயரும் அதே பள்ளத்தில்தான் போக வேண்டும் என்பதால் பள்ளத்தை இன்னும் மூடவில்லை.

"பேசாம யுகாவுக்கு ஒரு ஃபோன் போடுங்களேன்" என்றாள் சந்திரமதி.

"புல்லு கருகினாலும் கருகட்டும்."

யுகா என்கிற யுகேந்திரன், குணாளனின் ஒரே தம்பி. பக்கத்தில் இருக்கும் கோல்ஃப் கிளப் ஒன்றில் பதினெட்டுக் குழிக்கும் தண்ணீர் விடும் பொறுப்பு அவனுடையது. புல், வால்வு, வயர் மூன்றையும் பற்றி இந்த வட்டாரத்தில் அவனைவிடத் தெரிந்தவர் கிடையாது. குணாளனுக்கும் அது தெரியும். அதுதான் சங்கடம்.

ஆறு வருடத்துக்கு முன் ஷர்மினிக்குக் கல்யாணம் நடந்தது. அழைப்பிதழின் அடியில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று போட்டுப் பதினான்கு பேர் பெயர் அச்சாகியிருந்தது. மைத்துனன் காளிதாஸ் பெயர் இருந்தது. பாலோவில் இருக்கிற, பல வருடமாக யாரும் கண்ணால் பார்த்திராத சபாபதி மாமா பெயர் இருந்தது. யுகேந்திரன் பெயர் இல்லை. கடைசி வரி 'மற்றும் உற்றார் உறவினர்' என்று முடிந்திருந்தது. குணாளன் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். இருபத்தாறு வருடமாக அடுத்தவர் செய்ததில் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவர். அந்த அழைப்பிதழை அச்சுக்கு அனுப்பும் முன் மூன்று தடவை படித்துச் சரிபார்த்ததும் அவரேதான்.

"அப்ப நான் 'மற்றும்'லயாண்ணே வர்றேன்?" என்று கேட்டான் யுகேந்திரன்.

'தப்பாப் போச்சுடா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். குணாளனோ, "கூடப் பொறந்தவனுக்குக் கார்டு எதுக்குடா?" என்றார்.

"கூடப் பொறந்தவன் பேர மறந்தவருக்குத் தம்பி எதுக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனவன்தான். கல்யாணத்துக்கு வந்தான், கடைசிப் பந்தியில் சாப்பிட்டான், படத்துக்கு நிற்காமல் போய்விட்டான். அதன்பிறகு விசேஷ வீடுகளில் அண்ணனும் தம்பியும் எதிரெதிரே உட்கார நேர்ந்தால், நடுவில் இருப்பவர் பாடு திண்டாட்டம்.

"அந்த ரசத்த இந்தப் பக்கம் தள்ளச் சொல்லுங்க."

"அது ரசம் இல்ல, புளிக்கொழம்புன்னு சொல்லுங்க."

குணாளனுக்குத் தம்பி மேல் பாசம் இல்லாமல் இல்லை. நிறையவே இருந்தது. முதலில் யார் வாயைத் திறப்பது என்ற ஒரே ஒரு விஷயம்தான் ஆறு வருடமாக முடிவாகவில்லை.

சனிக்கிழமை காலை சர்புதீனின் ஹார்ட்வேர் கடைக்குப் போனார்.

"பாய், ஸ்பிரிங்லருக்கு வயர் வேணும்."

"எந்த வயருண்ணே?"

இந்தக் கேள்வியைக் குணாளன் எதிர்பார்க்கவில்லை. "நல்ல வயர்" என்றார்.

சர்புதீன் தலையைச் சொறிந்துகொண்டு கடைக்குப் பின்னால் இருந்த ஸ்டோருக்குள் போனார். கொஞ்ச நேரம் கழித்துச் சாம்பல் நிறத்தில் ஒரு சுருளோடு வந்தார். டெலிபோன் வயர்.

"உள்ள எட்டு வயர் ஓடுதுண்ணே. ஸ்பிரிங்லருக்கு இருபத்துநாலு வோல்ட்டுதானே? இது தாங்கும்லா. சரிப்படலன்னா திருப்பிக் கொண்டாங்க, எடுத்துக்கிறேன்."

வெட்டிக் கொடுத்த வயரைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் கடைக்காரரை உலகத்தில் எங்கேயும் பார்க்க முடியாது. குணாளன் அதைத் தன் முகராசி என்று எடுத்துக்கொண்டார்.

மாலைக்குள் வயரைப் பள்ளத்தில் போட்டு, இணைப்புகளைக் கறுப்பு டேப்பால் சுற்றி, டைமரை முடுக்கினார். வாசல் பக்கத்து வால்வு 'டக்' என்று திறந்தது. தண்ணீர் விசிறியடித்தது. "வந்து பாரு!" என்று மனைவியைக் கூப்பிட்டார். அவள் வந்தபோது இரண்டாவது வால்வின் முறை. அது 'ர்ர்ர்' என்று முனகியது. மூன்றாவதும் முனகியது. நாலாவதுக்கு முனகவும் தெம்பில்லை.

"அதுங்களுக்கு என்ன வந்துச்சு?" என்றாள் சந்திரமதி.

"தூரமா இருக்குல்ல. கரண்டு போய்ச் சேர நேரமாகும்."

செவ்வாய்க்கிழமை ஒரு மழை பெய்தது. ஜொகூர் மழைக்குக் கறுப்பு டேப் எந்த மூலைக்கு? பள்ளம் நிறைந்து இணைப்புகளுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. புதன்கிழமை முதல் வால்வும் மற்ற மூன்றோடு சேர்ந்துகொண்டது.

"மழதான் பெஞ்சிருச்சே, இனி ஸ்பிரிங்லர் எதுக்கு?" என்றாள் சந்திரமதி. ஆனால் வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அடித்த வெயிலில் புல்லின் நுனி பழுத்துவிட்டது. வேலை முடிந்து வந்த களைப்போடு ஹோஸைப் பிடித்துக்கொண்டு நின்றார் குணாளன்.

அடுத்த சனிக்கிழமை கடையில் தன் தீர்ப்பைச் சொன்னார். "வயர் மெலிசு பாய். தடியா ஒண்ணு குடுங்க."

சர்புதீன் மறுபடி ஸ்டோருக்குள் போனார். உள்ளே ஏதோ முணுமுணுப்புக் கேட்டது. தனக்குத் தானே பேசிக்கொள்கிறவர் போலிருக்கிறது. திரும்பி வந்தபோது தோளில் ஒரு கனத்த சுருள் இருந்தது.

"இது வீட்டுக்கு இழுக்கிற வயருண்ணே. ஏர்கண்டிஷனே ஓடும். உங்க வால்வு எம்மாத்திரம்?"

அந்த வயர் வளைய மாட்டேன் என்றது. வளையாத வயருக்காகப் பள்ளத்தை அகலப்படுத்தினார். அகலப்படுத்தியதில் இரண்டு வரிசைப் புல் போயிற்று. இழுத்து முடித்த பிறகுதான் கவனித்தார், உள்ளே இருப்பது மூன்றே நரம்பு. வால்வோ நாலு.

தரப் பரிசோதகர் அசரவில்லை. இரண்டு இரண்டு வால்வாகச் சேர்த்துக் கட்டினார். டைமரைத் தட்டியதும் இரண்டு வால்வும் ஒன்றாகத் திறந்தன. ஆறு தலைகள் ஒரே சமயத்தில் மண்ணிலிருந்து எழுந்தன. ஆறுக்கும் பகிர்ந்து கொடுக்கிற அளவுக்குக் குழாயில் வேகம் இல்லை. எழுந்த தலைகள் வெற்றிலை எச்சில் மாதிரி ஓரமாக ஒழுகிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டன.

"இப்பயாச்சும் யுகாகிட்ட..."

"அவன் பேர இந்த வீட்டுல எடுக்காத!"

"நீங்கதான் கார்டுலயே எடுக்கலையே" என்று சொல்லிவிட்டு சந்திரமதி சமையலறைக்குப் போனாள்.

அன்றைக்குச் சாப்பாட்டைப் பாதியிலேயே வைத்துவிட்டார். அவள் சொன்னது உண்மை என்பதுதான் காரணம்.

மூன்றாவது சனிக்கிழமை. "பாய், மெலிசும் வேணாம், தடியும் வேணாம். நாலு வால்வு. எண்ணி நாலு நரம்பு. அவ்வளவுதான்."

சர்புதீன் உள்ளே போனார். இந்த முறை போன வேகத்திலேயே வந்தார். சிவப்பு, பச்சை, மஞ்சள், வெள்ளை என்று நாலு நிறத்தில் நாலு நரம்பு.

"நாலு வால்வு, நாலு கலரு. இதுக்கு மேல என்னண்ணே வேணும்?" என்றார். சிரிப்பை அடக்குகிறவர் போல வாய் கோணியது. பல்வலியாக இருக்கும் என்று குணாளன் நினைத்தார்.

முன் இரண்டு தடவையும் திரும்பி வர ஒரு நரம்பு விட்டிருந்ததை மறந்து, வீட்டில் நாலு வால்வுக்கும் நாலு நரம்பைக் கொடுத்தார். ஒன்றும் திறக்கவில்லை. சந்திரமதி பெட்டியோடு வந்த சீன மொழித் தாளை எடுத்து, கைப்பேசியில் படம் பிடித்து, அது தமிழில் மொழிபெயர்த்துக் காட்டியதை உரக்கப் படித்தாள்.

"'ஒவ்வொரு வால்வுக்கும் ஒரு கம்பி மற்றும் அனைத்திற்கும் ஒரு பொதுக் கம்பி தேவை.'"

"என்ன சொன்ன?"

"மற்றும்."

"அந்த வார்த்தைய விட்டுட்டுப் படி."

"விட்டுட்டா ஒரு கம்பி கொறையுதுங்க."

அப்போதே கடைக்குப் போய் ஐந்து நரம்பாக வாங்கி வந்திருக்கலாம். ஆனால் நாலாவது தடவையாக சர்புதீன் முகத்தில் விழிக்கக் குணாளனுக்கு வெட்கமாக இருந்தது. சுற்றுமுற்றும் பார்த்தார். வாசலில் ரிமோட்டில் திறக்கிற ஆட்டோ கேட் இருந்தது. அதன் மோட்டாருக்குப் போகும் வயரில் ஒரு நரம்பு சும்மா கிடப்பதுபோல் தெரிந்தது. அதையே பொதுக் கம்பியாக எடுத்து நாலு வால்வுக்கும் கொடுத்தார்.

நாலும் திறந்தன! ஒன்றன்பின் ஒன்றாக, முறை தவறாமல், நன்றாக விசிறியடித்தன. வேலைக்கு வசதியாகக் கேட் அப்போது திறந்தே கிடந்தது. குணாளன் நனைந்துகொண்டே நின்று பார்த்தார். அன்றைக்கே பள்ளத்தை மூடி, மேலே புல்லையும் ஒட்டிவிட்டார்.

திங்கட்கிழமை காலை சந்திரமதி கஞ்சி போட்ட சேலையும் கைப்பையுமாக வாசலில் நின்று கேட்டைத் திறக்க ரிமோட்டை அழுத்தினாள். கேட் திறந்தது. கூடவே முதல் வால்வும் திறந்தது.

"அலமாக்!" என்று தொப்பலாக நனைந்து அலறினாள்.

குணாளன் ஓடிவந்தார். மனைவியை மேலும் கீழும் பார்த்தார். "கேட்டத் தொறந்தா தண்ணி வருது, அவ்வளவுதான். கொஞ்சம் ஓரமா நடந்தா நனையாது."

அவள் சேலை மாற்ற உள்ளே போனாள். பதில் சொல்லாத மனைவி ஆபத்து என்பதால் அவர் அன்றிரவே ஒரு வழி கண்டுபிடித்தார். டைமரைக் காலை ஒன்பது மணிக்கும் மாலை நாலரைக்கும் மாற்றி வைத்தார். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் இருப்பதில்லை, யாரும் நனையப்போவதில்லை.

கேட்டைத் திறந்தால் தண்ணீர் வரும் என்றால், தண்ணீர் வந்தால் கேட் திறக்கும் என்பதை அவர் யோசிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்கு இருவரும் வீடு திரும்பியபோது கேட் அகலத் திறந்திருந்தது. உள்ளே ஏழு மாடுகள். அவர்கள் குடியிருக்கும் தாமானுக்குப் பின்னால், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் மேய்கிற மாடுகள். காலை ஒன்பது மணிக்கே வந்துவிட்டன போலிருக்கிறது. புல்லில் பாதிக்கு மேல் காணவில்லை. இரண்டு மாடுகள் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தன. நாலரை மணித் தண்ணீரில் ஒரு கன்று ஆனந்தமாக நனைந்துவிட்டு உடம்பை உதறியது.

மாடுகளை விரட்ட முக்கால் மணி நேரமாயிற்று. குணாளன் சேறும் சாணியுமாக வாசற்படியில் உட்கார்ந்தார்.

"இத்தன வீடு இருக்கு, நம்ம புல்லுதானா கெடச்சுது?"

"கடைக்காரன் 'கௌ கிராஸ்', மாட்டுப்புல்லுன்னு சொல்லித்தானே வித்தான்? மாடு பேரப் படிச்சுட்டு வந்திருக்கும்" என்றாள் சந்திரமதி.

அந்த நேரம் பார்த்து ஷர்மினி வீடியோவில் அழைத்தாள். "அப்பா, புல்லு எப்படி வந்திருக்கு? பாப்பாவுக்குக் காட்டுங்கப்பா."

குணாளன் கைப்பேசியை மேல்நோக்கித் திருப்பினார். "சிக்னல் சரியில்லம்மா" என்று சொல்லி ஒரு நிமிடம் விட்டத்தைக் காட்டிவிட்டு வைத்துவிட்டார். மகளிடம் பொய் சொன்னது அவரைச் சுட்டது. பிறந்தநாளுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

சந்திரமதி கைப்பேசியை எடுத்து அவர் கையிலேயே திருப்பி வைத்தாள். அவர் தம்பியின் பெயரைத் தேடி அழுத்தினார். எதிர்முனையில் முதல் மணி முழுசாக அடித்து முடிவதற்குள் எடுக்கப்பட்டது.

"அண்ணே."

ஆறு வருடமாக மனதுக்குள் எழுதி எழுதி அழித்து வைத்திருந்ததெல்லாம் குணாளனுக்கு மறந்துபோனது. "வயரு..." என்றார்.

"வர்றேண்ணே."

இருபது நிமிடத்தில் வண்டி வந்து நின்றது. யுகேந்திரன் கறுப்பு உறை போட்ட ஒரு சுருளோடு இறங்கினான். தரையைப் பார்த்தான். சாணியைப் பார்த்தான். உதட்டைக் கடித்துக்கொண்டான். பழக்க தோஷம், பேச்சு மூன்றாம் ஆள் வழியாகவே ஆரம்பித்தது.

"அண்ணி, மெயின் சுவிட்ச அடைக்கச் சொல்லுங்க."

"அடைச்சாச்சுன்னு சொல்லு."

"கேட்டுலருந்து எடுத்த வயரக் கழட்டச் சொல்லுங்க. அத யாரு குடுக்கச் சொன்னதுன்னு கேளுங்க."

"யாரும் சொல்லல, நானாத்தான் குடுத்தேன்னு சொல்லு."

"எனக்கு அடுப்புல வேல இருக்கு" என்று சந்திரமதி உள்ளே போய்விட்டாள்.

நடுவில் ஆள் இல்லாததால் இருவரும் ஆளுக்கொரு மண்வெட்டியை எடுத்து, மூடிய பள்ளத்தை மறுபடி தோண்டினார்கள். பிறகு யுகேந்திரன் பள்ளத்தில் இறங்கிச் சுருளைப் பிரித்தான்.

"இது மண்ணுக்குள்ளயே கெடக்கிற வயருண்ணே. தண்ணி ஏறாது. ஏழு நரம்பு. வால்வுக்கு ஒண்ணா நாலு, எல்லாத்துக்கும் பொதுவா இந்த வெள்ள. மிச்சம் ரெண்டு சும்மா கெடக்கட்டும். நாளைக்கு ஒண்ணு அறுந்தாலும் தோண்ட வேணாம்." இணைப்புகளின் மேல் உள்ளே களிம்பு அடைத்த சின்ன மூடிகளைத் திருகினான். "டேப்பெல்லாம் மண்ணுக்குள்ள நிக்காது. அந்த வெள்ளையப் பிடிங்க."

குணாளன் வெள்ளையைப் பிடித்தார். பிடித்தபடியே சொன்னார்.

"யுகா, அந்தக் கார்ட மூணு தடவ படிச்சேன்டா. உன் பேரு இல்லன்னு என் கண்ணுக்குத் தெரியவே இல்ல. இல்லாமப் போகும்னு தோணினாத்தானே தேடுவேன்? இருக்குன்னு நெனச்சே படிச்சுட்டேன்."

யுகேந்திரன் குனிந்து வயரையே பார்த்துக்கொண்டிருந்தான். மூக்கை உறிஞ்சினான்.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லண்ணே."

"அன்னைக்குத் தோணல."

"சரி, கைய ஆட்டாதீங்க. வெள்ள நழுவுது."

இருட்டுவதற்குள் நாலு வால்வும் வேலை செய்தன. கேட் அதன் இடத்தில் சும்மா நின்றது. மறுநாள் யுகேந்திரன் கிளப்பில் ஓரமாக ஒதுக்கிப்போட்ட புல் துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்து மாடு தின்ற இடத்தில் பதித்தான். இரவு அண்ணன் வீட்டிலேயே சாப்பிட்டான். ரசத்தை அண்ணனே ஊற்றினார். பிறந்தநாளன்று பேத்தியைப் புல்லில் இறக்கி விடுவது சின்னத் தாத்தாதான் என்று அங்கேயே முடிவாயிற்று.

சனிக்கிழமை குணாளன் உபயோகமற்ற மூன்று வயரையும் தூக்கிக்கொண்டு சர்புதீன் கடைக்குப் போனார். மனசெல்லாம் சந்தோஷம், ஆனாலும் குறை சொல்லிப் பழகிய வாய் சும்மா இருக்குமா? சர்புதீன் தொழுகைக்குப் போயிருந்தார். கல்லாவில் அவர் மனைவி மீரா பீவி இருந்தாள். குணாளன் சுருள்களை மேசை மேல் தொப்பென்று போட்டார்.

"மூணு வாரம், மூணு வயரு, மூணும் தப்பு! இருபது வருஷமா கடை வச்சிருக்காரு பாய், ஒரு வயரப் பாத்துக் குடுக்கத் தெரியலியே. என் தம்பி வந்தான், ஒரே வயரு, ஒரே நாளு, வேல முடிஞ்சுது. இனிமே யாராச்சும் வயர் கேட்டா, என் தம்பிகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுக் குடுக்கச் சொல்லுங்க!"

மீரா பீவி சுருள்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தாள்.

"அவருகிட்ட கேட்டுத்தானேண்ணே குடுத்தோம்? நீங்க கொழா வாங்குனதக் கேட்டதுலருந்து, மூணு சனிக்கிழமையும் உங்க தம்பி உள்ள ஸ்டோருலதான் உக்காந்திருந்தாரு; சரியான வயர மொதல்லயே குடுத்துட்டா அண்ணன் எனக்கு எப்பத்தான் ஃபோன் போடுவாருன்னு, தப்பானதாப் பாத்துப் பாத்து எடுத்து அனுப்புனதே அவருதான்."